நாடகத்துக்கு முடிவு வேண்டும்: "நல்ல நாள் பார்த்துச் சொல்லுங்கோ" என்று சேர் எதைச் சொன்னார்?

குளக்கட்டு | ஞாயிறு இரவு 8.15

வணக்கம். எங்கள் கோயில் பூங்காவனத் திருவிழா அன்று வாலிபர் கழகத்துக்கு முக்கால் மணித்தியாலம் மேடை தந்திருக்கிறார்கள். வழமையாக, வெள்ளைக்காரரோடு சண்டை பிடித்த வன்னி மன்னன் பண்டாரவன்னியனின் கதையைத்தான் போடுவோம். ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு வேறு எதைப் போடுவது? கற்சிலைமடுவில் அவர் தோற்ற இடத்துக்கு 1803 ஒக்டோபர் 31 என்று கல்லே நட்டிருக்கிறார்கள். ஆனால் அதே வாள், அதே தாடி, அதே பெடியன். முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்த மனிதர் எங்கள் மேடையில் வருடம் தவறாமல் தோற்றுக்கொண்டிருக்கிறார். இந்த முறை அவருக்கு ஓய்வு கொடுத்துவிட்டுப் பகிடி நாடகம் ஒன்று போடுவதாகத் தீர்மானம். எழுதுகிற பொறுப்பு என் தலையில்.

கதை கையில் இருக்கிறது. முடிவுதான் இல்லை. எங்கள் பக்கத்து வளவில் 2013இல் நடந்தது இது. அப்போது நான் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று முழுவதையும் பார்த்தவன். ஆட்களின் பெயரையும் ஊரின் பெயரையும் விட்டுவிடுகிறேன்.

அது போர் முடிந்த பிறகு இந்திய அரசின் உதவியில் வந்த வீட்டுத்திட்டக் காலம். தகரக் கொட்டிலுக்குள் இருந்த சனம் எல்லாம் ஒரே நேரத்தில் வீடு கட்டத் தொடங்கியது. வீட்டுக்கு 5,50,000 ரூபாய். அதை ஒரேயடியாகத் தரமாட்டார்கள், கட்டம் கட்டமாகத்தான் வரும். ஒவ்வொரு கட்டத்துக்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து, ரேப் பிடித்து அளந்து, கையெழுத்து வைக்க வேண்டும். எங்களுக்கு வந்தவர் இளம் ஆள். மட்டக்களப்புப் பக்கத்தவர். ஊர் அவரை 'சேர்' என்று கூப்பிட்டது.

பக்கத்து வளவு மாமிக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவ முன்பள்ளி ஆசிரியை. ஊரில் சிறிசு பெரிசு எல்லாருக்கும் அவ 'அக்கா'. சின்னவள் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழகி மாமியும் அவவை 'அக்கா' என்றுதான் கூப்பிடுவா. இது கதைக்கு முக்கியம், ஞாபகம் வைத்திருங்கள்.

மற்ற வீடுகளுக்கு மாதம் ஒருமுறை வந்த சேர், மாமி வீட்டுக்கு வாரத்தில் மூன்று தரம் வரத் தொடங்கினார். அளக்க ஒன்றும் இல்லாத நாளிலும் வந்தார். வந்தால் நேரே கிணற்றடிக்குப் போவார். கிணற்றுக்கட்டில் ஏறி நிற்பார். குசினியைப் பார்த்துச் சிரிப்பார். ஒரு நாள் மாமியின் காதில் தெளிவாக விழுந்தது: "என்னகா, சாப்பிட்டியா?"

அக்காவைத்தான் கேட்கிறார் என்று மாமி நினைத்ததில் என்ன பிழை? மட்டக்களப்பில் 'என்னகா, வாகா' என்று கதைப்பது எங்கள் ஊரில் யாருக்குத் தெரியும்! அந்தக் காலம் இரண்டு கோடு சிக்னல் வருகிற இடம் ஊரிலேயே இரண்டுதான். ஒன்று குளக்கட்டு. பொழுதுபட்டால் அங்கே யானை நிற்கும். மற்றது மாமியின் கிணற்றுக்கட்டு. அதுவும் குசினிப் பக்கம் திரும்பி நின்றால்தான். சேர் காதில் மாட்டுகிற வயரில் கதைப்பவர். வேலிக்கு அங்கால் நின்ற எங்களுக்கு வயரும் தெரியவில்லை, போனும் தெரியவில்லை.

மாமி ஏற்கெனவே வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய் நேர்ந்துவிட்டு வந்தவ. "கடல் தண்ணியில விளக்கெரிய வைக்கிற அம்மன் எனக்கொரு மருமோனைக் காட்டமாட்டாவோ" என்று என் அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. ஆனிக் கடைசியில் சுவர் கொஞ்சம் எழும்பியது. சேர் சைக்கிள் கரியலில் கொப்பியை வைத்து எழுதிக்கொண்டே சொன்னார்: "இனி நல்ல நாள் பார்த்துச் சொல்லுங்கோ அம்மா. நானும் வந்து நிக்கிறன்."

அவர் சொன்னது வாசல் நிலை வைக்க.

"ஆடி பிறக்கப் போகுது தம்பி, ஆவணியில வைப்பமே?" என்றா மாமி. "அவசரமில்ல, அதுக்குள்ள நல்லாக் காயட்டும்" என்றார் சேர். அவர் சுவரைச் சொன்னார். மாமி சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணி போடப் போனா.

ஆவணியில் ஒரு புதன்கிழமை. நிலை வைக்க நாலு பேர் போதும், மாமி நாற்பது பேருக்குச் சமைத்தா. வெற்றிலைத் தட்டம், வாழைப்பழம், கற்கண்டு எல்லாம் ஆயத்தம். பதினொன்றரைக்கு ஓட்டோவில் சேர் வந்து இறங்கினார். கூடவே ஒரு இளம் பெண்ணும் வயதான அம்மா ஒருவரும். எங்களுக்கு நெஞ்சு அடித்தது. தாயையும் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வந்திட்டார்! மாமி தட்டத்தைத் தூக்கிக்கொண்டு போய், "வாங்கோ சம்பந்தி" என்றா.

அந்த அம்மா திகைத்துப் போனா. "நான் பொடியன்ட தாய் இல்லகா, பொண்ணுட தாய்."

"பொண்ணின்ர தாய் நானெல்லோ!" என்றா மாமி.

வளவு முழுக்க அமைதி. இரண்டு பொண்ணின் தாய்மாரும் ஒரு தட்டத்தின் இரண்டு பக்கத்திலும் நிற்கிறார்கள். சேரின் கையில் ரேப் இழுத்தபடி இருக்கிறது. மேசன் மட்டும் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பன்னிரண்டுக்கு ராகுகாலம். ஆருக்கு ஆர் பொண்ணு எண்டு பிறகு பாப்பம். நிலையைப் பிடியுங்கோ."

பிடித்தோம். ஒரு பக்கம் சேர். மற்றப் பக்கம், லான்ட்மாஸ்ரரில் (இரண்டு சில்லு உழவு மெசின்) மணல் ஏற்றிவருகிற பெடியன். பேசாத பிறவி அவன். அதன் பிறகு எல்லாரும் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நடந்தது அவ்வளவுதான். நாடகத்தை இப்படி முடித்தால் கல்லால் எறிவார்கள். என்ன செய்யலாம்?

கிறவல் றோட்டு | ஞாயிறு இரவு 8.40

"பொண்ணின்ர தாய் நானெல்லோ" என்ற இடத்தில் தேத்தண்ணி புரையேறிவிட்டது.

எங்கள் ஊரில் சிக்னல் வந்தது சுடலைக்குப் போகிற பாதையில் நின்ற புளியமரத்தின் மூன்றாவது கொப்பில். பெரியப்பா மகன் ஒவ்வொரு இரவும் அதில் ஏறியிருந்து தனியே சிரித்தான். வீட்டில் நூல் கட்டினார்கள், தண்ணீர் ஓதிக் குடிக்கக் கொடுத்தார்கள். கடைசியில் அவன் கட்டியது அந்த நூல் ஓதியவரின் மகளை. போனில் கதைத்ததும் அவளோடுதான். அது வேறு கதை.

ஏ9 பயணி | ஞாயிறு இரவு 10.05

அருமை. ஸ்காபரோவில் பனிக்குள் இருந்து வாசிக்கிறேன். முடிவு சொல்லட்டா? அக்கா மனம் உடைந்து கிளிநொச்சி ஸ்ரேசனுக்குப் போகிறா. யாழ்தேவி வந்து நிற்கிறது. மழை. லான்ட்மாஸ்ரர்காரன் பின்னால் ஓடிவந்து, பாலை மரத்துக்குக் கீழே, இத்தனை நாளும் சொல்லாததைச் சொல்கிறான். திரை.

மாங்குளச் சந்தி | திங்கள் காலை 6.30

ஏ9 அண்ணா, கோபிக்க வேண்டாம். கதை நடப்பது 2013 ஆவணி. யாழ்தேவி கிளிநொச்சிக்கு வந்தது அந்த வருடம் செப்டெம்பர் நடுப்பகுதியில். அதுவரை ஓமந்தையோடு நின்றது. அக்கா ஸ்ரேசனில் ஒரு மாதம் காவல் இருக்கவேண்டி வரும். ஆவணியில் மழையும் இல்லை, குளத்தில் கால் நனையக்கூடத் தண்ணீர் இராது. ஒட்டுசுட்டான் பக்கத்தில் இருந்து கிளிநொச்சிக்கு அழுதுகொண்டு போகிற பிள்ளை இரண்டு பஸ் மாறவேண்டும். மாங்குளத்தில் இறங்கி ரோல்ஸ் ஒன்று சாப்பிட்டால் பாதிக் கவலை போய்விடும்.

குளக்கட்டு, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். 'ஊர்' என்பதை யார் நடிக்கப் போகிறார்கள்? சேரும் ஒன்றும் செய்யவில்லை, அக்காவும் ஒன்றும் செய்யவில்லை. எல்லாம் செய்தது வேலிக்கு அங்கால் நின்ற நீங்கள்தான். முள்ளியவளைக் கோவலன் கூத்துப் பார்த்து வளர்ந்த ஆட்கள் நாங்கள். கூத்தில் ராசா வரமுதல் கட்டியக்காரன் வந்து வரவு சொல்வானே, அப்படி ஒருத்தன் வேலிக்கு மேலால் தலையை நீட்டி ஒவ்வொன்றையும் பிழையாகவே அறிவிக்கட்டும். "சேர் வருகிறார், சேர் வருகிறார், பெண் பார்க்க வருகிறார்!" சேர் பாவம், ரேப்போடு வந்து நிற்பார். சபை சிரிக்கும். அண்ணாவியார் ஒருவரைப் பிடித்தால் இரண்டு பாட்டும் கட்டித் தருவார்.

குளக்கட்டு | திங்கள் காலை 7.10

சந்தி அண்ணா, பிடித்துவிட்டேன். வேலியையே மேடையின் நடுவில் வைக்கலாம். கிடுகு இப்போது கிடைக்காது, தகரம்தான். தகரம் என்றால் தலை நீட்டும்போது சத்தமும் போடும்.

சிறுபோகம் | திங்கள் மத்தியானம் 1.20

நான் உருத்திரபுரம் பக்கத்தவன், இரணைமடுத் தண்ணீரில் பிழைக்கிறவன். நானும் ஒன்று சொல்கிறேன், நாடகத்துக்கு எடுத்தால் எடுங்கள்.

1980களின் தொடக்கம். அந்தச் சிறுபோகத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் கிடைத்தது. தெரியாத பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: காலபோகம் மழையை நம்பி எல்லாரும் விதைக்கிறது. சிறுபோகம் அப்படி இல்லை. குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து, கூட்டம் வைத்து, இத்தனை ஏக்கர்தான் என்று முடிவெடுத்துப் பங்கிடுவார்கள். வாய்க்காலில் முறை வைத்துத்தான் தண்ணீர். முறை பிந்தினால் மண்வெட்டியோடு சண்டைக்கு வருவார்கள். அப்படிப்பட்ட காலத்தில் எனக்குக் கீழ் வயலுக்கு என் வரம்பைத் தாண்டித் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. இரவிரவாகப் போனது.

கீழ் வயல்காரருக்கு ஒரு மகள். "மேல் வயல் தம்பி தன்ர பயிரைக் காயவிட்டு எங்களுக்குத் தண்ணி விடுறார்" என்று அந்த வீட்டில் கதை. முதலில் அவித்த மரவள்ளிக்கிழங்கும் சம்பலும் வந்தது. அடுத்த கிழமை பயற்றம் பணியாரம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நல்ல சனம் என்று நினைத்துச் சாப்பிட்டேன். மூன்றாம் கிழமை வரம்பில் புல்லுச் செருக்கும்போது பார்த்தேன், என் கை முழுதாகப் போகிற அளவுக்கு நண்டு வளை. அதற்குள்ளால் போயிருக்கிறது என் தண்ணீர் எல்லாம்.

ஒரு கூடை களிமண் போட்டால் வளை அடைபட்டுவிடும். மண்வெட்டியைத் தூக்கினேன். அந்த நேரம் பார்த்து வரம்பில் அவள் மூடுபெட்டியோடு வருகிறாள். மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்தப் போகம் எனக்கு விளைச்சல் பாதி. கல்யாணம் தையில் நடந்தது. பேரப்பிள்ளைகள் நாலு பேர். நண்டைப் பற்றி இதுவரை வீட்டில் சொல்லவில்லை. அவ இந்தப் பக்கமெல்லாம் வாசிப்பதில்லை.

கிறவல் றோட்டு | திங்கள் மத்தியானம் 1.45

ஐயா, உங்கள் கல்யாணப் புறோக்கர் நண்டா?

கச்சான்கொட்டை | திங்கள் மாலை 5.00

எங்கள் மாமா ஒருவருக்கு முறிகண்டியில் கச்சான் கடை. ஏ9இல் போகிற வாகனம் எல்லாம் பிள்ளையாரடியில் நிற்கும். தேங்காய் உடைப்பார்கள், கச்சான் வாங்குவார்கள், போவார்கள். கடைகள் வரிசையாக இருக்கும், எல்லாவற்றிலும் ஒரே கச்சான். ஆனால் லொறிக்காரர் ஒருவர் எப்போதும் வரிசையில் கடைசிக் கடையில் இருந்த பெண்ணிடம்தான் வாங்கினார். கதை கட்டியாகிவிட்டது. கடைசியில் ஒருவர் நேரே கேட்டார். லொறிக்காரர் சொன்ன பதில்: "ஆயிரம் ரூபாய்த் தாளுக்கு மாற்றின காசு அந்தப் பிள்ளையிட்டத்தான் இருக்கு."

பாலைப்பழம் | திங்கள் இரவு 9.30

எல்லாம் வாசித்தேன். நானும் படிப்பிக்கிறவள், நெடுங்கேணிப் பக்கம். ஒன்று கேட்கலாமா?

மாமி என்ன நினைத்தா என்று தெரியும். ஊர் என்ன நினைத்தது என்று தெரியும். மேசன் நேரம் பார்த்தது வரை எழுதியிருக்கிறீர்கள். அக்கா என்ன நினைத்தா? ஆறு மாதம் அந்தக் குசினிக்குள் நின்றவ அவ. முழுக்கதையிலும் அவவுக்கு ஒரு வசனம் இல்லை. ஏ9 அண்ணா அவவை ஸ்ரேசன் வரை அனுப்பிவிட்டார், அங்கேயும் லான்ட்மாஸ்ரர்காரன்தான் கதைக்கிறான். ஒரு வீட்டில் இறக்க இடமில்லை என்றால் அடுத்த வீட்டில் இறக்குவதற்கு அவ என்ன சீமெந்துப் பையா?

கச்சான்கொட்டை | திங்கள் இரவு 9.33

சரியான கேள்வி. நூற்றுக்கு நூறு.

ஏ9 பயணி | திங்கள் இரவு 11.50

தங்கச்சி, நான் பிழையாக ஒன்றும் நினைக்கவில்லை. பகிடி நாடகம் என்றால் கடைசியில் ஒரு சோடி சேர வேண்டும், சனம் அதைத்தான் பார்க்க வரும். இன்னொன்று, இந்தக் கதை இன்றைக்கு நடக்காது. இப்போது எல்லார் கையிலும் போன். ஒரு மெசேஜில் தெளிவாகிவிடும். ஆகவே பழைய காலத்துக் கதை என்று மேடையில் சொல்லிவிடுங்கள்.

பாலைப்பழம் | செவ்வாய் காலை 6.05

தெளிவாகிவிடுமா? எங்கள் பக்கத்து ஊர்க் குழுவில், 'நாளை காலை எட்டு மணி முதல் மின்வெட்டு' என்று ஒரு அறிவித்தல் வந்தது. அதைப் போட்டவர் கல்யாணமாகாத பெடியன். ஒரு பிள்ளை அதற்குக் கீழே சிவப்பு இதயம் போட்டுவிட்டாள். விரல் தவறிப் பட்டதாம். அரை மணித்தியாலத்தில் எடுத்துவிட்டாள். எடுத்ததுதான் பிழை. 'ஏன் எடுத்தவள்?' என்று இரண்டு மாதம் ஆராய்ச்சி நடந்தது. முந்தி வேலிக்கு மேலால் நாலு பேர் பார்த்தார்கள், இப்போது குழுவில் இருநூற்று சொச்சம் பேர்.

கச்சான்கொட்டை | செவ்வாய் காலை 6.07

உண்மை. அந்தப் பெடியன் பிறகு மின்வெட்டு அறிவித்தல் போடுவதையே விட்டுவிட்டான். ஊர் இருட்டுக்குள் கிடந்தது.

கிறவல் றோட்டு | செவ்வாய் காலை 6.20

நான் ஒன்றைக் கவனித்துக்கொண்டு வருகிறேன். பாலைப்பழம் எழுதினால் மூன்று நிமிடத்தில் கச்சான்கொட்டை வந்து 'சரி' என்கிறார். காலை ஆறு மணிக்கும் வருகிறார். இரவு ஒன்பதரைக்கும் வருகிறார். ஆவணி பிறக்க இன்னும் எத்தனை நாள்?

மாங்குளச் சந்தி | செவ்வாய் காலை 6.45

நானும் பார்த்தேன், நாகரிகம் கருதிச் சொல்லவில்லை.

ஏ9 பயணி | செவ்வாய் காலை 7.15

இங்கே எனக்கு இரவு. நித்திரை கொள்ளாமல் இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நல்ல சோடி. இரண்டு பேரும் வன்னி, இரண்டு பேரும் எழுதத் தெரிந்தவர்கள். வாழ்த்துகள்.

பாலைப்பழம் | செவ்வாய் காலை 7.30

அவன் என் தம்பி. பக்கத்து அறையில் கிடந்துகொண்டு எழுதுகிறான். இப்போது கூடத் தேத்தண்ணி கேட்டுக் கத்துகிறான். மூன்று நிமிடம் எடுப்பது அவன் வாசிப்பது அப்படி.

கச்சான்கொட்டை | செவ்வாய் காலை 7.33

ஓம்.

குளக்கட்டு | புதன் இரவு 8.00

பாலைப்பழம் அக்காவின் கேள்வி நெஞ்சுக்குள் கிடந்து குடைந்தது. இத்தனை வருடமாக இந்தக் கதையைக் கல்யாண வீடுகளில் எல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அக்காவிடம் ஒருநாளும் கேட்டதில்லை. நேற்றுப் பின்னேரம் போனேன். அவ இப்போது அதே முன்பள்ளிக்குப் பொறுப்பு. கல்யாணம் செய்யவில்லை. அதைப் பற்றி இங்கே ஒருவரும் ஒன்றும் கேட்கக் கூடாது, அது அவவின் பாடு. அந்த வீட்டு விறாந்தையில் இருந்து, அதே வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு சொன்னா.

அவவுக்கு இரண்டாம் நாளே தெரியுமாம். தண்ணி அள்ளப் போன இடத்தில் வாளி கிணற்றுக்கட்டில் இடிபட, போனுக்குள் இருந்து ஒரு பெண் குரல்: "அங்க யாரு பொம்புள?" சேர் வெலவெலத்துப் போய் விளக்கம் சொல்லத் தொடங்க, அந்தப் பெண் நம்பவில்லையாம். கடைசியில் சேர் போனை அக்காவிடம் நீட்டி, "நீங்களே சொல்லுங்க ரீச்சர்" என்றிருக்கிறார். அக்கா சொன்னாவாம்: "பயப்பிடாதேங்கோ, இஞ்ச வாறவர் எங்களைப் பார்க்க வாறேல்ல, எங்கட கிணத்தைப் பார்க்கத்தான் வாறவர்." அன்றிலிருந்து அந்த இரண்டு பேரும் சிநேகிதிகள். சேர் வீடு அளக்கப் போன நேரத்தில் அக்காவும் சேரின் பெண்ணும் கதைத்திருக்கிறார்கள். குசினியைப் பார்த்துச் சேர் சிரித்தது, "அவ போனைத் தாங்கோ எண்டு கேக்கிறா" என்று அக்காவுக்குச் சாடை காட்டத்தானாம்.

"பிறகேன் மாமியிடம் சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

அவ சொன்னது இது. அந்த வருடம் கல்யாணப் புறோக்கர் கிழமைக்கு ஒருதரம் வந்துகொண்டிருந்தாராம். ஒவ்வொரு முறையும் ஒரு படம், ஒரு சாதகம், ஒரு சீதனக் கணக்கு. வீடு கட்டவே காசில்லாத நேரத்தில் சீதனத்துக்கு அந்த வீட்டையே கேட்டவர்களும் இருந்தார்களாம். அக்காவுக்கு முன்பள்ளி டிப்ளோமா முடிக்க வேண்டும். சேர் கிணற்றுக்கட்டில் ஏறிய மாதத்தில் இருந்து புறோக்கர் வரவில்லை. "அங்க ஒழுங்காகிட்டுதாம்" என்று ஊரே அவரைத் திருப்பி அனுப்பிவிட்டது. "ஆறு மாதம் நிம்மதியாப் படிச்சன்ரா. ஊர் ஒரு நல்லது செய்தது அந்த ஒருக்காத்தான்" என்றா.

நிலை வைக்கிற அன்றைக்கு அந்தப் பெண்ணும் தாயும் ஏன் வந்தார்கள்? அழைத்ததே அக்காதான். மாமி நாற்பது பேருக்கு அரிசி வாங்கியபோதுதான் இது தன் கை மீறிப் போய்விட்டது என்று அவவுக்கு விளங்கியிருக்கிறது. தானே தாயிடம் சொன்னால் நம்பமாட்டா, சேர் சொன்னால் வெட்கப்படுவா. பெண்ணின் தாய் வந்து நின்றால் கதை தானாக முடியும் என்று நினைத்தாவாம். "தட்டத்தோட ஓடிப்போய்ச் சம்பந்தி எண்டு கூப்பிடுவா எண்டு நான் கண்டனா?" என்று சொல்லிவிட்டு இன்றைக்கும் கண்ணில் தண்ணி வரச் சிரிக்கிறா. மாமியும் உள்ளே இருந்து, "நீ எனக்குச் செய்த வேலை" என்று கத்தினா. மாமிக்கும் இது நேற்றுத்தான் தெரியும்.

மாங்குளச் சந்தி | புதன் இரவு 8.25

கட்டியக்காரன் எல்லாவற்றையும் பிழையாக அறிவித்துக்கொண்டிருக்க, குசினி யன்னலில் நின்று அக்கா சபையைப் பார்த்து மட்டும் உண்மையைச் சொல்லட்டும். தொடக்கத்திலேயே சபைக்குத் தெரிந்துவிட வேண்டும். அப்போதுதான் தட்டம் வரும்போது சிரிப்பு வயிற்றைப் பிடிக்கும். கடைசி வரை மறைத்து வைத்தால் ஒரு தரம்தான் சிரிப்பார்கள்.

பாலைப்பழம் | புதன் இரவு 8.40

இதை ஆமோதிக்கிறேன். தம்பி நித்திரை, இல்லாவிட்டால் அவனும் ஆமோதிப்பான்.

சிறுபோகம் | புதன் இரவு 9.00

ஒரு விசயம். மகள் இந்தப் பக்கத்தைத் தாய்க்கு வாசித்துக் காட்டிவிட்டாள். இன்று மத்தியானம் வீட்டில் நண்டுக்கறி. ஒருவரும் ஒன்றும் கதைக்கவில்லை.

ஏ9 பயணி | புதன் இரவு 11.30

சரி, ஸ்ரேசனை விட்டுவிட்டேன். மழையும் வேண்டாம். லான்ட்மாஸ்ரர்காரனையாவது விட்டுவையுங்கள். நிலையின் மற்றப் பக்கத்தைப் பிடித்தவன் அவன்தானே.

குளக்கட்டு | வியாழன் காலை 6.50

அவனைப் பற்றியும் அக்காவிடம் கேட்டேன். "அவன் எனக்கு மணல்ல ரெண்டு லோட் குறைச்சல்" என்றா. அவ கணக்குக் கொப்பியை இன்னும் வைத்திருக்கிறா. ஏழு லோட்டுக்குச் சொல்லி ஐந்துதான் வீட்டுக்கு வந்ததாம்.

நாடகம் போடச் சம்மதித்துவிட்டா. இரண்டு நிபந்தனை: அக்காவாக நடிப்பது பெண் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும், மீசை மழித்த பெடியன் கூடாது. அடுத்தது, மேடையில் லோட் கணக்குச் சொல்வதானால் ஐந்து என்றுதான் சொல்ல வேண்டும்.

கிணற்றுக்கட்டுக்கு என்ன செய்யலாம்? ரைக்ரர் ரயர் இரண்டை அடுக்கிச் சாக்குக் கட்டிச் சாந்து பூசினால் ஒரு ஆள் ஏறி நிற்கத் தாங்குமா?

சிறுபோகம் | வியாழன் காலை 7.20

தாங்கும். உள்ளுக்குள் மண் நிரப்பி விடுங்கள். நண்டு இல்லாத மண்ணாகப் பாருங்கள்.

லான்ட்மாஸ்ரர் | வியாழன் இரவு 10.48
புதிய உறுப்பினர், முதல் பதிவு

ஏழு லோட்தான். பூச்சு வேலைக்குக் கடைசியாகப் பறித்த இரண்டு லோட்டும் ஐப்பசி மழையில் வெள்ளவாய்க்காலோடு போனது. அதற்கு நான் காசு வாங்கவில்லை. அக்காவுக்குத் தெரியும்.

பாலைப்பழம் | வியாழன் இரவு 10.52

இதற்குக் கீழே ஒருவரும் ஒன்றும் எழுதக் கூடாது.

கச்சான்கொட்டை | வியாழன் இரவு 10.55

எழுதவில்லை.